வீட்டில் பணக் கஷ்டம்... பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா, எப்படிச் சொல்றது?

இந்த மாசம் சம்பளம் வரவில்லை. அல்லது வந்த வேகத்தில் இ.எம்.ஐ-க்கே போய்விட்டது. ராத்திரி பத்தரை மணி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள் என்ற நம்பிக்கையில் நீங்கள் இரண்டு பேரும் கிச்சனில் நின்று மெதுவாகப் பேசுகிறீர்கள். ‘செயினை வெச்சிடலாமா?’, ‘உங்க அண்ணன்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாரேன்’, ‘அவர்கிட்ட எத்தனை தடவைதான் கேக்கறது?’ அடுத்த அறையில், போர்வைக்குள்ளே ஒரு ஜோடிக் காது முழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாது என்பது நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் ஆறுதல். அவர்களுக்குத் தொகை தெரியாது, வட்டி தெரியாது. மற்றதெல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சிக்கன் முட்டைக் குழம்பாக மாறியது தெரியும். அம்மா கழுத்தில் செயின் இருந்த இடத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருப்பது தெரியும். அப்பா போன் அடிக்கும்போது ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைப்பது தெரியும். வாடகைக்காக ஹவுஸ் ஓனர் மாடிப்படி இறங்கிவரும் செருப்புச் சத்தம்கூட தெரியும்.

அதனால் ‘பிள்ளைங்ககிட்ட சொல்லலாமா, வேண்டாமா’ என்பது பாதிக் கேள்விதான். ஏதோ சரியில்லை என்கிற சேதி அவர்களுக்கு ஏற்கெனவே போய்விட்டது. அதற்கு விளக்கம் யார் கொடுப்பது? நீங்களா, அவர்களுடைய கற்பனையா? யோசிக்க வேண்டியது இதைத்தான்.

கற்பனை என்ன கதை எழுதும்?

ஐந்து, ஆறு வயசுக் குழந்தை உலகத்தில் நடப்பதையெல்லாம் தன்னோடு முடிச்சுப் போட்டுத்தான் புரிந்துகொள்ளும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே இதை விரிவாக எழுதியிருக்கிறார். அப்பா கோபமாக இருந்தால், ‘நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்’. அம்மா அழுதால், ‘நான் சைக்கிள் கேட்டதாலதான்’. எட்டு, ஒன்பது வயசில் கதை மாறும்: ‘ரெண்டு பேரும் பிரியப்போறாங்களோ?’ பதிமூன்று, பதினான்கில் இன்னும் பெரிய பயங்கள் வரும். அதை உங்களிடம் கேட்க மாட்டார்கள், போனில் தேடிப் பார்ப்பார்கள்.

நிஜம் பல சமயம் இந்தக் கதைகளைவிடச் சின்னது. ‘அப்பா வேலை பார்த்த கம்பெனியில ஆளைக் குறைச்சுட்டாங்க. வேற வேலை தேடிட்டு இருக்கார்’ என்பது ஒரு குழந்தை தாங்கக்கூடிய செய்தி. ‘ஏதோ இருக்கு, ஆனா யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க’ என்பதுதான் தாங்க முடியாதது.

பணமா, பணத்தால் வரும் சண்டையா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1980-களில் விவசாயிகள் கடனில் மூழ்கி நிலங்களை இழந்தார்கள். அந்தக் காலத்தைக் கடந்த குடும்பங்களை 1989-லிருந்து ராண்ட் காங்கர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து கவனித்தார்கள். அவர்கள் கண்டது இது: பண நெருக்கடி பெரும்பாலும் பெற்றோர் வழியாகத்தான் பிள்ளைகளுக்குள் இறங்குகிறது. முதலில் பெற்றோரின் மனசு சோர்கிறது. பிறகு கணவன் மனைவிக்குள் உரசல் கூடுகிறது. அடுத்து பிள்ளைகள் மீது எரிச்சலும் கண்டிப்பும் ஏறுகிறது. அதன் பிறகே பிள்ளையின் படிப்பிலும் நடத்தையிலும் அது தெரிகிறது.

இதை நல்ல சேதியாகவும் எடுத்துக்கொள்ளலாம். கடனை இந்த மாதமே அடைப்பது உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். தட்டை ‘டம்’மென்று வைக்காமல் சாப்பாடு போடுவது ஓரளவு உங்கள் கையில் இருக்கிறது. எல்லா நாளும் முடியாது, அது வேறு விஷயம்.

இன்னொரு பழைய ஆய்வும் இருக்கிறது. 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வளர்ந்த கலிஃபோர்னியா பிள்ளைகளைப் பற்றி கிளென் எல்டர் 1974-ல் ஒரு புத்தகம் எழுதினார். பத்து, பதினொரு வயசில் அந்தக் கஷ்டத்தைப் பார்த்த பிள்ளைகள் வீட்டு வேலை செய்தார்கள், சின்னச் சின்ன வேலைக்குப் போனார்கள். அவர்களில் பலர் பெரியவர்களானதும் நன்றாகவே வாழ்ந்தார்கள். ஆனால், அதே மந்தத்தின்போது ரொம்பச் சின்னக் குழந்தைகளாக இருந்தவர்களை, குறிப்பாக ஆண் பிள்ளைகளை, அது அதிகமாகப் பாதித்ததாக அவருடைய பிந்தைய ஒப்பீடுகள் காட்டின. அப்பா அம்மாவின் தவிப்பைப் பார்க்கும் வயசு, அதில் கைகொடுக்கும் வயசு இல்லையே! அதனால் சின்னக் குழந்தைக்குத் தேவை தைரியம். வளர்ந்த பிள்ளைக்குத் தேவை தகவல், கூடவே கையளவு ஒரு பங்கு.

முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசுங்க

பிள்ளையிடம் உட்காரும் முன் கணவனும் மனைவியும் ஒரே கதையை முடிவு செய்துகொள்ளுங்கள். அப்பா ‘சின்னப் பிரச்னைதான்’ என்றும், அம்மா ‘நாம நடுத்தெருவுக்கு வந்தாச்சு’ என்றும் சொன்னால், பிள்ளை இரண்டாவதைத்தான் நம்பும். ஒருவரை ஒருவர் மாட்டிவிடுவதும் வேண்டாம். ‘உங்க அப்பா அந்தச் சீட்டுல போட்டதாலதான்’ என்ற ஒரு வரி பத்து வருஷம் கழித்தும் பிள்ளைக்கு ஞாபகம் இருக்கும்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள். நீங்கள் பக்குவமாகப் பேசி முடித்த அன்று மாலையே பாட்டி, ‘என் பையன் சம்பாதிச்சதெல்லாம் எங்கே போச்சோ’ என்று ஆரம்பித்தால் எல்லாம் வீண். பெரியவர்களைத் தடுக்க முடியாது என்பீர்கள். முன்னாடியே ‘அத்தை, குழந்தைகிட்ட இப்படித்தான் சொல்லியிருக்கோம், நீங்களும் இதையே சொல்லுங்க’ என்று கேட்டால் பலரும் ஒத்துழைப்பார்கள்.

நேரமும் முக்கியம். தூங்கப் போகும் நேரம் வேண்டாம், இருட்டில் பயம் இரண்டு மடங்காகும். பரீட்சை அன்று காலையும் வேண்டாம். சாயங்காலம் மொட்டை மாடி, பைக்கில் போகும் தூரம், கீரை ஆய்ந்துகொண்டே ஒரு அரை மணி நேரம் என்று சாதாரணமான இடமே போதும். ‘வா, உன்கிட்ட முக்கியமா பேசணும்’ என்று சோபாவில் உட்கார வைத்தாலே குழந்தைக்கு வயிற்றைக் கலக்கும்.

எந்த வயசுக்கு எவ்வளவு?

ஏழு வயசுக்குள் என்றால் மூன்று வரி போதும். ‘இப்போ நம்மகிட்ட காசு கொஞ்சம் கம்மியா இருக்கு. அதனால கொஞ்ச நாளைக்குப் பொம்மை, ஹோட்டல் எல்லாம் இல்லை. சாப்பாடு இருக்கு, ஸ்கூல் இருக்கு, அப்பா அம்மா கூடவே இருக்கோம்.’ அதோடு அவர்கள் கேட்காவிட்டாலும் ஒன்று சேர்த்துச் சொல்லுங்கள்: ‘இது உன்னால வந்தது இல்லடா செல்லம்.’ அடுத்த நாள் இதே கேள்வியைத் திரும்பக் கேட்பார்கள். அலுக்காமல் அதே பதிலைச் சொல்லுங்கள். ஒரே பதில் திரும்பத் திரும்ப வருவதுதான் அந்த வயசில் நிம்மதி.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, ‘ஏன்’, ‘எவ்வளவு நாள்’ என்ற கேள்விகள் வரும். தனக்கு என்ன மாறும் என்று தெரிய வேண்டும். வேனுக்குப் பதில் டவுன் பஸ்ஸா? டான்ஸ் கிளாஸ் நிற்குமா? பிறந்த நாளுக்கு ஸ்கூலில் சாக்லேட் கொடுக்கலாமா? பெரியவர்களுக்கு அற்பமாகத் தெரிந்தாலும், அந்த வகுப்பறையில் அதுதான் மானப் பிரச்னை. டான்ஸ் கிளாஸ் நிற்கப்போகிறது என்றால் மாஸ்டர் சொல்லித் தெரிவதைவிட நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அழுதால் அழட்டும். ‘இதுக்கெல்லாம் அழுவாங்களா, எவ்வளவு பேர் சோத்துக்கே வழியில்லாம இருக்காங்க’ என்று உடனே ஆரம்பிக்காதீர்கள். அந்தப் பிள்ளை இழந்தது அந்தப் பிள்ளைக்குப் பெரிசு.

பதிமூன்றுக்கு மேல் கணக்கையே காட்டலாம். ஒரு பேப்பரில் எழுதுங்கள். மாசம் வருவது 28,000. வாடகை 9,000. கடன் தவணை 8,500. ஸ்கூலும் வேனும் 4,000. மிச்சம் 6,500-ல் அரிசி, பால், கேஸ், கரன்ட் பில், மருந்து. இந்த ஒரு பேப்பர் பத்து அட்வைஸுக்குச் சமம். ‘ஏன் எனக்கு மட்டும் போன் வாங்கித் தர மாட்டேங்கிறீங்க’ என்ற சண்டை அந்தப் பேப்பரோடு பாதி அடங்கும். அடங்காமலும் போகலாம், அந்த வயசு அப்படித்தான். ஆனால், மொத்தக் கடன் எவ்வளவு, யார் யாரிடம், எந்த உறவினர் கைவிரித்தார் என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். தன் வாழ்க்கையைத் தொடும் அளவு தெரிந்தால் போதும்.

எல்லா வயசுக்கும் பொதுவான ஒரு விஷயம்: நடக்காத வாக்குறுதி கொடுக்காதீர்கள். ‘அடுத்த மாசம் எல்லாம் சரியாயிடும்’ என்று மூன்று மாதம் சொன்னால் நான்காம் மாதம் நம்ப மாட்டார்கள். ‘எப்போ சரியாகும்னு எனக்கே தெரியலை. ஆனா என்ன செய்யறோம்னு சொல்றேன்’ என்பது நேர்மையான பதில். பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்வார்கள்.

இதையெல்லாம் பிள்ளை தலையில் வைக்காதீங்க

வசூலுக்கு ஆள் வந்தால் ‘அப்பா ஊர்ல இல்லைன்னு சொல்லு’ என்று பிள்ளையை வாசலுக்கு அனுப்புவது நம்மூரில் சர்வசாதாரணம். சினிமாவில் காமெடியாக்கூட வரும். அந்தப் பிள்ளைக்கு அது காமெடி கிடையாது. முறைத்துப் பார்க்கும் ஒரு பெரிய மனிதர் முன்னால் நின்று பொய் சொல்கிறது, உள்ளே அப்பா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார் என்று அதற்குத் தெரியும். அன்றிலிருந்து காலிங் பெல் சத்தமே பயம்தான். வாசலுக்கு நீங்களே போங்கள். முடியவில்லையென்றால் கதவைத் திறக்காமலேயே இருங்கள். பிள்ளையை அனுப்பாதீர்கள்.

மளிகைக் கடையில் பாக்கி ஏறியிருக்கும்போது ‘அண்ணாச்சிகிட்ட எழுதிக்கச் சொல்லு’ என்று பிள்ளையை அனுப்புவதும் அதே ரகம். நாலு பேர் முன்னால் அண்ணாச்சி ‘முதல்ல பழசைக் கட்டச் சொல்லு’ என்றால், அந்த அவமானம் பிள்ளைக்குத்தான்.

‘உங்களுக்காகத்தான் இவ்வளவு கடன்’ என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். காலேஜ் ஃபீஸுக்கு வாங்கிய கடனாகவே இருக்கலாம். பிள்ளையின் காதில் அது ‘நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்’ என்று விழும். ‘செத்துடலாம் போல இருக்கு’ என்ற வார்த்தையோ பிள்ளை முன்னால் வாய் தவறிக்கூட வர வேண்டாம். அலுப்பில் வரும் பேச்சுதான் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை அன்றிலிருந்து ராத்திரி எழுந்து உங்கள் மூச்சைச் சோதித்துப் பார்க்கும். நிஜமாகவே அந்த எண்ணம் வருகிறதென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கோ, தமிழ்நாடு அரசின் 104 எண்ணுக்கோ உடனே பேசுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கடன் தொல்லையால் வரும் அழைப்பு அவர்களுக்குப் புதிதே அல்ல.

‘யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாது’ என்று சத்தியம் வாங்குவதும் பாரம்தான். ‘இது நம்ம வீட்டு விஷயம், ஊரெல்லாம் சொல்ல வேண்டாம். ஆனா உனக்குக் கஷ்டமா இருந்தா சித்திகிட்டயோ, கிளாஸ் மிஸ்கிட்டயோ சொல்லலாம்’ என்று ஒரு ஜன்னலைத் திறந்துவையுங்கள்.

உண்டியலைத் தூக்கிட்டு வந்தா?

பல வீடுகளில் இது நடக்கும். நீங்கள் பேசி முடித்ததும் குழந்தை உள்ளே ஓடிப்போய் உண்டியலைத் தூக்கிக்கொண்டு வந்து நீட்டும். அந்த நேரத்தில் அழுகை வராத பெற்றோர் இருக்க மாட்டார்கள். ‘சீ, உன் காசு எதுக்கு’ என்று தள்ளினால் குழந்தையின் மனசு உடையும். முழுசாக வாங்கிக்கொண்டால், வீட்டைக் காப்பாற்றும் பொறுப்பு அந்தச் சின்ன முதுகில் ஏறும். ‘ரொம்ப தேங்க்ஸ்டா கண்ணா. இது பெரியவங்க பார்த்துக்க வேண்டியது. நீ ஒரு 20 ரூபாய் கொடு, இன்னிக்குக் காய் வாங்கலாம்’ என்று சேர்ந்து கடைக்குப் போகலாம். நிஜமாகவே உண்டியல் பணம் தேவைப்படும் நிலைமையென்றால், கேட்டு வாங்குங்கள். தொகையை எழுதிவையுங்கள், கடனாகத் திருப்பிக் கொடுங்கள். தெரியாமல் உடைக்காதீர்கள்.

வளர்ந்த பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கலாம்: எந்தக் கடையில் எண்ணெய் விலை குறைவு என்று பார்ப்பது, ஃபேன் லைட் அணைப்பது, பழைய நோட்டில் மிச்சப் பக்கங்களைத் தைத்து ரஃப் நோட்டு செய்வது. படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று பத்தாவது படிக்கும் பையன் சொன்னால் மட்டும் ஒரே பதில்: வேண்டாம்.

ஸ்கூல் ஃபீஸும் ஸ்கூல் மாற்றமும்

ஃபீஸ் கட்டத் தாமதமாகும் என்று தெரிந்தால், ஸ்கூல் உங்கள் பிள்ளையிடம் கேட்கும் முன் நீங்கள் போய்ச் சொல்லிவிடுங்கள். தவணையில் கட்டுவதாக எழுதிக் கொடுத்து, ‘எதுவா இருந்தாலும் எங்களைக் கூப்பிடுங்க, குழந்தைகிட்ட கேக்காதீங்க’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாணவரை மனரீதியாகத் துன்புறுத்துவதை 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 17-ல் தடை செய்கிறது. ஃபீஸுக்காக வகுப்பில் எழுப்பி நிற்கவைத்தால் இதைக் குறிப்பிட்டு எழுத்தில் புகார் கொடுக்கலாம். பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணிலும் கேட்கலாம்.

அரசுப் பள்ளிக்கு மாற்றுவதாக இருந்தால், அதைத் தண்டனை மாதிரி அறிவிக்காதீர்கள். எட்டாம் வகுப்பு வரை, டி.சி வரத் தாமதம் என்பதைக் காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கையை மறுக்க முடியாது. அதே சட்டத்தின் பிரிவு 5 சொல்வது இது. ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு இருக்கிறது. உயர் கல்விக்குப் போகும்போது மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் என்றும் அறிவித்திருக்கிறார்கள். ஆனால், ஃப்ரெண்ட்ஸைப் பிரியும் ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் இதைச் சொல்லி என்ன பயன்? அவளுக்கு வேண்டியது பழைய தோழியின் வீட்டு நம்பரும், மாசத்தில் ஒரு ஞாயிறு அங்கே கூட்டிப்போவோம் என்ற உறுதியும்.

வீட்டு வாசலில் வசூல்காரர்

குழுக் கடன் தவணை நாளில் ஆள் வந்து உட்கார்ந்துகொண்டு போக மறுப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். இதற்கு விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த வழிமுறைப்படி, மைக்ரோஃபைனான்ஸ் கடனுக்குக் காலை 9 மணிக்கு முன்போ, மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்கு அழைக்கக் கூடாது. வசூல் இருவரும் பேசி முடிவுசெய்த ஓர் இடத்தில்தான் நடக்க வேண்டும். அங்கே தொடர்ந்து இரண்டு முறையாவது வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். வங்கிகள், நிதி நிறுவனங்களின் மற்றக் கடன்களுக்குக் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைக்கத் தடை. குடும்பத்தினரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்வதும் தடைதான்.

மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். விவரம் கேட்க 14448. உள்ளூர்க் கந்துவட்டிக்காரர் மிரட்டினால் 2003-ன் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டப்படி போலீஸில் புகார் கொடுக்கலாம். லோன் ஆப்காரர்கள் போட்டோவை மார்ஃபிங் செய்து அனுப்புவதாக மிரட்டினால் 1930.

ஆப் விஷயத்தில் பிள்ளைகளிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லுங்கள்: ‘யாராவது உன் போனுக்கு அப்பாவைப் பத்தி அசிங்கமா மெசேஜ், போட்டோ அனுப்பினா அது பொய். டெலீட் பண்ணாம என்கிட்ட காட்டு. நான் திட்ட மாட்டேன்.’ வீட்டில் நடப்பதை முன்பே அறிந்த பிள்ளைதான் அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டும்.

நீங்க அக்காவா, அண்ணனா?

இதைப் படிக்கும் பலருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது. முதல் சம்பளத்திலேயே வீட்டுக் கடனைத் தூக்கிய 23 வயசுக்காரர்களாக இருப்பீர்கள். வீட்டில் எட்டாவது படிக்கும் தம்பிக்கு அப்பா எதுவும் சொல்லியிருக்க மாட்டார், சொல்லவும் வராது. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நீங்களே சொல்லலாம். அக்கா சொன்னால் தம்பிக்குப் பயம் குறைவு. அப்பாவை வில்லனாக்காமல் சொல்லுங்கள், அது மட்டும் போதும்.

சொன்ன பிறகு கொஞ்ச நாள் கவனியுங்கள். தூக்கத்தில் சிறுநீர் போவது, ஸ்கூல் காலையில் வயிற்றுவலி, வேண்டுமென்றே குறைவாகச் சாப்பிடுவது, கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளை திடீரென்று எதுவுமே கேட்காமல் போவது. கடைசியாகச் சொன்னதை ‘எவ்வளவு பொறுப்பு பாரு’ என்று பெருமைப்பட்டு விட்டுவிடுகிறோம். பேச்சுக் கொடுங்கள். இரண்டு மூன்று வாரமாகியும் மாறவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பிள்ளையே பேச விரும்பினால் 1098 இருக்கிறது, 24 மணி நேரமும்.

நிலைமை மாறினாலும் பிள்ளைகளிடம் சொல்ல மறந்துவிடுகிறோம். புது வேலை கிடைத்தது பெரியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் போகும். ஆறு மாதமாக ஐஸ்கிரீம் கேட்காமல் இருந்த பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை, அது இன்னமும் கேட்காமலே இருக்கும். செயினை மீட்ட அன்று, ‘பாரு, அம்மா செயின் வந்துடுச்சு’ என்று கையில் கொடுத்துக் காட்டுங்கள். பெரிய ட்ரீட் எல்லாம் வேண்டாம். உண்டியல் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள். அடுத்து, மார்ச்சில் தள்ளிப்போட்ட அந்த ஷூ.